மோல்டு கிளைடர் இறக்கை உடைந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணாடி இழை, கார்பன் இழை, கெவ்லர், எப்பாக்ஸி கொண்டு செய்த ரேடியோ கட்டுப்பாட்டு மாடல் கிளைடர் இறக்கைகளுக்கானது இந்தப் பக்கம். எஃப்3எஃப், எஃப்3பி, எஃப்5ஜே போட்டி வகை மாடல்களில் வரும், உள்ளே காலியான மோல்டு (அச்சில் வார்த்த) இறக்கைகளைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறோம். ஃபோம் கோர் மேல் துணி ஒட்டிய இறக்கைகளுக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. பால்சா ரிப் மேல் ஃபிலிம் போர்த்திய இறக்கைகளுக்கு வேலை முறையே வேறு. அவை இங்கே இல்லை.

இறக்கையின் உள்ளே என்னதான் இருக்கிறது?

இது தெரியாமல் பிளேடை எடுக்கக் கூடாது. மோல்டு இறக்கையின் தோல் ஒற்றைத் தகடு அல்ல, மூன்று அடுக்கு. வெளியே பெயிண்ட், அதன் அடியில் 50 முதல் 100 கிராம் வரையிலான கண்ணாடித் துணி அல்லது மெல்லிய கார்பன் துணி. நடுவில் 1 முதல் 2 மி.மீ. தடிமனுள்ள ஃபோம் அல்லது பால்சா. உள்பக்கம் 25 முதல் 50 கிராம் கண்ணாடித் துணி. (துணியின் எடையை எப்போதும் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்வது வழக்கம், இந்தப் பக்கம் முழுவதும் அப்படித்தான்.)

மேல் தோலிலும் கீழ்த் தோலிலும், நீளவாக்கில் கார்பன் இழைகள் ஓடும் பட்டை ஒன்று பதிந்திருக்கும். அதுதான் ஸ்பார் கேப். இரண்டு கேப்புகளையும் இணைத்து நிற்கும் செங்குத்துச் சுவர் வெப். இவை சேர்ந்ததுதான் ஸ்பார். வளைவு விசையைக் கேப்புகள் தாங்குகின்றன, அவை ஒன்றையொன்று விட்டு நழுவாமல் வெப் பிடிக்கிறது, திருகலைத் தோல் தாங்குகிறது. எந்த வேலை எந்தப் பாகத்துடையதோ அதை அந்தப் பாகத்துக்கே திருப்பிக் கொடுப்பதுதான் பழுதுபார்ப்பு. ஸ்பார் உடைந்த இடத்தில் மேலே பத்து அடுக்குக் கண்ணாடித் துணி ஒட்டினாலும் ஸ்பார் கிடைக்காது.

விழுந்த இடத்தில் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பேட்டரியைக் கழற்றுங்கள். அடிபட்ட லிப்போவை (லித்தியம் பாலிமர் பேட்டரி) மாடலுக்குள்ளோ காருக்குள்ளோ வைக்க வேண்டாம். பிறகு சிதறியதையெல்லாம் பொறுக்குங்கள். விரல்நகம் அளவுள்ள தோல் துண்டுகூட வளைவு எப்படி இருந்தது என்பதைக் காட்டும்; சில சமயம் அதையே திரும்ப ஒட்டலாம். உடைந்த முனைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஒவ்வொரு முறை பொருத்தும்போதும் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகள் மடங்கி நசுங்கும், பிறகு சரியான இடம் தெரியாமல் போகும். களத்தில் ஃபெவிகுவிக் போடுவதும் கூடாது. அது ஃபோமுக்குள் ஊறி இறுகிவிட்டால் அந்த இடத்தில் எப்பாக்ஸி பிடிக்காது, அத்தனையையும் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

வெளியே ஒரு கீறல்தான் தெரிகிறது. உள்ளே சேதம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

இதற்கு எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும். முனை தரையில் மாட்டிச் சுழன்ற இறக்கையில் அடிபட்ட இடம் ஒன்று, உடைந்த இடம் வேறொன்றாக இருக்கும்.

முதலில் நாணயத்தால் தட்டுங்கள். ஸ்பார் வரிசையில் ரூட்டிலிருந்து (இறக்கை உடலோடு சேரும் பக்கம்) முனை வரை, சுமார் 10 மி.மீ. இடைவெளியில் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் ஓசை கூர்மையாக இருக்கும். ஒட்டு விட்ட இடத்தில் மந்தமாகிவிடும். உடையாத மற்ற இறக்கையில் அதே இடத்தைத் தட்டி ஒப்பிடுங்கள், ஏனென்றால் தடிமன் மாறும் இடங்களிலும் ஓசை மாறும்.

அடுத்தது வெளிச்சம். கண்ணாடித் துணி இறக்கையாக இருந்தால் இருட்டறையில் சர்வோ (ஃபிளாப் போன்ற அசையும் பாகங்களை இயக்கும் சிறு மோட்டார்) குழி வழியாக ஒரு சிறு எல்.இ.டி. விளக்கை உள்ளே விட்டுப் பாருங்கள். விரிசல்கள் கோடுகளாகவும், ஒட்டு விட்ட இடங்கள் வெளிறிய திட்டுகளாகவும் தெரியும். கார்பன் தோலில் இது பலிக்காது. போனில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமராவை அதே குழி வழியாக விட்டு, வெப் தோலைச் சந்திக்கும் மூலையைப் பாருங்கள். அங்கே வெள்ளைக் கோடோ, உதிர்ந்த பசைத் துணுக்குகளோ தெரிந்தால் ஸ்பார் தோலைவிட்டுப் பிரிந்திருக்கிறது.

கடைசியாகக் கை. ரூட்டை ஒருவர் பிடிக்க, மற்றவர் முனையைப் பிடித்து மெதுவாகத் திருகட்டும். காதை இறக்கையருகே வைத்துக் கேளுங்கள். 'நறநற' என்றால் எங்கோ இரண்டு முறிந்த பரப்புகள் உரசுகின்றன. முன்விளிம்பை இரு விரலால் நீளவாக்கில் அமுக்கிக்கொண்டே வாருங்கள். மேல் தோலும் கீழ்த் தோலும் ஒட்டும் தையல் பிளந்திருந்தால் அப்போது வாய் திறக்கும்.

ஜாயினர் (இரு இறக்கைகளையும் இணைக்கும் தண்டு) நுழையும் பகுதியையும் ஜாயினரையும் எப்போதும் பாருங்கள், வெளியே எதுவும் தெரியாவிட்டாலும்.

எப்போது கைவிட வேண்டும்?

ஸ்பார் ஒரே இடத்தில் சுத்தமாக முறிந்திருந்தால் சரிசெய்யலாம். இரண்டு மூன்று இடங்களில் முறிந்து, நடுவில் தோலும் சுருங்கியிருந்தால், இழந்த வடிவத்தை மோல்டு இல்லாமல் மீட்பது கடினம். ரூட்டிலிருந்து ஜாயினர் முடியும் இடம் வரையுள்ள பகுதியில் இரு கேப்புகளும் நீளவாக்கில் பிளந்திருந்தால், வின்ச் ஏவுதலுக்கோ (மோட்டாரால் கயிற்றை இழுத்து ஏவுதல்) வேகமான மலைச்சரிவுப் பறப்புக்கோ அந்த இறக்கையை இனி நம்ப வேண்டாம். மாற்று இறக்கை கிடைக்கும் மாடல் என்றால் வாங்கிவிடுவதே சரி. கிடைக்காத பழைய மாடல் என்றால், சரிசெய்து மென்காற்றில் மட்டும் பறக்கவிடலாம்.

எந்த ரெசின்? ஐந்து நிமிட எப்பாக்ஸி போதாதா?

போதாது. ஐந்து நிமிட எப்பாக்ஸி கெட்டியானது, துணிக்குள் ஊறாது. வெயிலில் சீக்கிரம் இளகும். சர்வோ தட்டு ஒட்டுவது போன்ற சின்ன வேலைக்கு அது சரி. துணி, கார்பன் இரண்டுக்கும் லேமினேட்டிங் எப்பாக்ஸிதான். ஐரோப்பிய மாடல் தயாரிப்பில் பரவலாகப் புழங்குவது எல்285; அதன் ஹார்டனர் எடையில் 100-க்கு 40. இந்தியாவில் எளிதாகக் கிடைப்பது அரால்டைட் எல்.ஒய்.556, ஹார்டனர் எச்.ஒய்.951, இது எடையில் 100-க்கு 10.

இந்த இரண்டாவது விகிதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. 10 கிராம் ரெசினுக்கு ஹார்டனர் 1 கிராம்தான். 0.1 கிராம் தவறினால் பத்து சதவீதப் பிழை, ரெசின் முழுமையாக இறுகாது. 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு கட்டாயம் வேண்டும். தேவை 3 கிராம்தான் என்றாலும் 15 கிராமாவது கலந்து மிச்சத்தைக் கொட்டுங்கள். சொட்டுக் கணக்கில் ஹார்டனர் ஊற்றுவது வேண்டவே வேண்டாம். கலந்த பிறகு கிண்ணத்தில் குவியலாக வைத்தால் தன் சூட்டிலேயே வேகமாக இறுகும்; அகலமான தட்டில் பரப்பி வைத்தால் வேலை நேரம் நீளும்.

பாலியெஸ்டர் ரெசினை மறந்துவிடுங்கள். அது தெர்மோகோல் வகை ஃபோமைக் கரைத்துவிடும், பழைய எப்பாக்ஸி மேல் ஒட்டும் தன்மையும் மோசம்.

ரெசினில் கலக்கும் தூள்களும் மூன்று வேண்டும். மைக்ரோபலூன் இலேசானது, பட்டி போல இழைத்து வடிவம் கொடுக்க மட்டும்; வலிமை கிடையாது. பொடித்த பஞ்சு நார் கலந்தது கட்டமைப்பு ஒட்டுக்கு. ஏரோசில் (மிக நுண்ணிய சிலிக்கா தூள்) ரெசினை வழியாமல் நிறுத்த. மைக்ரோபலூன் பட்டியால் ஸ்பாரை ஒட்டிவைத்த இறக்கைகள் மறு பறப்பிலேயே பிரிந்துபோவது சகஜம்.

முன்விளிம்பு நசுங்கிவிட்டது. பட்டி போட்டு இழைத்தால் போதுமா?

தையல் பிளக்காமல், 3 மி.மீ. ஆழத்துக்குள் நசுங்கியிருந்தால் போதும். பெயிண்டை நீக்கி, தளர்ந்த இழைகளை வெட்டி, மைக்ரோபலூன் பட்டியை வடிவத்தைவிடச் சற்று உயரமாக அப்பி, இறுகியபின் நீண்ட கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் இழையுங்கள். மேலே 25 கிராம் துணி ஒரு அடுக்கு.

தையல் பிளந்திருந்தால் கதை வேறு. முன்விளிம்பிலிருந்து ஸ்பார் வரையுள்ள மூடிய பெட்டிதான் திருகலைத் தாங்குவதில் பெரும்பங்கு வகிக்கிறது. தையல் திறந்தால் அது திறந்த குழாயாகிவிடும், இறக்கை வேகத்தில் படபடக்கும். பிளவின் இரு முனைகளையும் தாண்டி 20 மி.மீ. வரை தையலைத் திறந்து, உள்ளே உடைந்த பசையைச் சுரண்டி எடுத்து, பஞ்சு நார் கலந்த எப்பாக்ஸியை சிரிஞ்சால் செலுத்தி, மாஸ்கிங் டேப்பால் 30 மி.மீ. இடைவெளியில் இறுக்கிக் கட்டுங்கள். இறுகியபின் வெளியே 50 கிராம் துணியை 45 டிகிரி கோணத்தில், மேலும் கீழும் 12 மி.மீ. படியும்படி ஒட்டுங்கள். 45 டிகிரியில் வெட்டிய துணி முன்விளிம்பின் சின்ன வளைவில் மடிப்பில்லாமல் சுற்றிக்கொள்ளும். திருகலைத் தாங்கும் கோணமும் அதுதான்.

தோலில் ஓட்டை விழுந்துவிட்டது. உள்ளே கை போகாதே, எப்படி அடைப்பது?

ஓட்டையை முதலில் நீள்வட்டமாக வெட்டுங்கள். கூர்மையான மூலை எதையும் விடாதீர்கள், அடுத்த விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

உள்தோலுக்கு முன்கூட்டியே தகடு செய்ய வேண்டும். மெழுகு பூசிய ஓ.எச்.பி. ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) மேல் 80 கிராம் துணி ஒரு அடுக்கு விரித்து, ரெசின் ஊற்றி இறுகவிட்டால், காகிதம் போல் வளையும் தகடு கிடைக்கும். அதை ஓட்டையைவிடச் சுற்றிலும் 10 மி.மீ. பெரிதாக வெட்டி, 120 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, நடுவில் இரண்டு துளையிட்டு நூல் கோத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் ஏரோசில் கலந்த எப்பாக்ஸி தடவி, வளைத்து ஓட்டைக்குள் நுழைத்து, நூலால் மேலே இழுத்து, குறுக்கே வைத்த குச்சியில் கட்டிவிடுங்கள். ஓட்டை நீள்வட்டமாக இருந்தால்தான் அதைவிடப் பெரிய தகடு உள்ளே போகும்.

அது இறுகியபின் நடு அடுக்கு. பழைய ஃபோமின் தடிமனுக்கே புதிய ஃபோம் துண்டை வெட்டி ஒட்டி, வெளித்தோலின் அடி மட்டத்துக்கு இழையுங்கள்.

இனி வெளித்தோல். சுற்றிலும் 15 மி.மீ. அகலத்துக்குப் பெயிண்டை முழுதாக நீக்குங்கள். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். மோல்டு இறக்கையில் முதலில் மோல்டுக்குள் பெயிண்ட் அடித்து, அதன்மேல் துணி போடுகிறார்கள். பெயிண்ட் மேல் ஒட்டிய துணி பெயிண்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், இறக்கையை அல்ல. விளிம்பில் நகத்தை விட்டால் உரிந்து வரும். பெயிண்ட் போனதும் துணியை ஓட்டையை நோக்கிச் சரிவாக இழைத்து மெலிதாக்குங்கள். 80 கிராம் துணியின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. தான், 10 மி.மீ. படிந்தாலே தடிமனைப்போல் நூறு மடங்கு ஆகிவிடும், அதற்குமேல் வலிமைக்குத் தேவையில்லை. ஒட்டும் துணி, மூலத் துணியின் எடையும் நெசவுக் கோணமும் கொண்டதாக இருக்கட்டும். மூலத்தில் இழைகள் 45 டிகிரியில் ஓடினால் ஒட்டும் துணியும் அப்படியே.

ஈரத் துணிமேல் மெழுகு பூசிய ஓ.எச்.பி. ஷீட்டை வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக பிளாஸ்டிக் அட்டையால் தள்ளி மிகை ரெசினை வெளியேற்றி, ஓரங்களை டேப்பால் ஒட்டி, மேலே மணல் பையை வையுங்கள். ஷீட்டை உரிக்கும்போது கண்ணாடி போன்ற பரப்பு கிடைக்கும். பட்டி வேலை பாதியாகக் குறையும்.

அமுக்கினால் ஒரு இடம் 'டக் டக்' என்று உள்ளே போய் வருகிறது. வெளியே விரிசல் இல்லை.

தோல் ஃபோமைவிட்டு விலகியிருக்கிறது அல்லது ஃபோம் நசுங்கியிருக்கிறது. அந்தத் திட்டின் ஓரங்களில் 1 மி.மீ. துளைகளை 15 மி.மீ. இடைவெளியில் போட்டு, சற்றுச் சூடாக்கி நீர்த்த எப்பாக்ஸியை ஊசியால் செலுத்துங்கள். ஒரு துளையில் செலுத்தும்போது அடுத்த துளையில் கசிய வேண்டும். அதுதான் உள்ளே பரவியதற்கு அடையாளம். ஷீட், மணல் பை, அவ்வளவுதான். ஃபோம் பொடியாகிவிட்டிருந்தால் ஊசி வேலைக்கு ஆகாது. வெட்டித் திறந்து முந்தைய கேள்வியில் சொன்னபடி செய்யுங்கள்.

ஸ்பார் முறிந்துவிட்டது. முழு வேலையையும் வரிசையாகச் சொல்லுங்கள்.

அடிப்படை ஒன்றுதான்: கார்பன் இழை நேராக, தொடர்ச்சியாக ஓட வேண்டும். முறிந்த இழையை முனைக்கு முனை ஒட்ட முடியாது. பழைய இழையும் புது இழையும் போதுமான நீளத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று படிந்தால், விசை இடையிலுள்ள எப்பாக்ஸி வழியாக நழுவி மறுபக்கம் போகும். ஆகவே இந்த ஒட்டுக்கு வலிமை தருவது படியும் நீளம். தடித்த கட்டு போட்டால் கட்டு முடியும் இடத்தில் விறைப்பு திடீரென்று மாறி, அடுத்த முறை அங்கேயே முறியும்.

இரண்டு பக்கத் தோலையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள். ஒரு பக்கம் மூடியிருந்தால்தான் இறக்கையின் நேர்மை நிலைக்கும். முதலில் இறக்கையைக் கவிழ்த்துக் கீழ்ப்பக்கம். முறிவின் இருபுறமும் 100 மி.மீ., கேப்பின் அகலத்தைவிட இருபக்கமும் 8 மி.மீ. கூடுதலாகச் சன்னல் வெட்டுங்கள். புதுப் பிளேடால், ஸ்கேல் வைத்து, தோலின் ஆழத்துக்கு மட்டும். வெட்டி எடுத்த தோலைப் பத்திரப்படுத்துங்கள். திரும்ப மூடியாகப் பயன்படும். சில இறக்கைகளில் கேப் நேரடியாக வெளித்துணியின் அடியிலேயே ஒட்டியிருக்கும். அங்கே தோலைப் பிரிக்க முயலாமல் துணியை இழைத்து நீக்குங்கள்.

நசுங்கிய இழைகளை நீக்கிவிட்டு, கேப்பை இருபுறமும் சரிவாக இழையுங்கள். சரிவு 1-க்கு 50. கேப்பின் தடிமன் 1.2 மி.மீ. என்றால் ஒவ்வொரு பக்கமும் 60 மி.மீ. கேப்பின் அகலத்துக்கே வெட்டிய மரக்கட்டையில் 80 நம்பர் உப்புத்தாளை ஒட்டிக்கொண்டு கையால் இழைப்பதே நல்லது. டிரெமல் (சுழலும் சிறு கைக்கருவி) குழி பறிக்கும்; குழிமேல் இழை அலையாக விழும், அலையான இழை அமுக்கத்தில் முதலில் புடைக்கும்.

இழைகளை பிளாஸ்டிக் ஷீட் மேல் ரெசினில் நனைத்து, விரலால் வழித்து, குட்டையிலிருந்து நெட்டைக்கு அடுக்குங்கள். ஒவ்வொரு அடுக்கையும் இழுத்துப் பிடித்து முனைகளை டேப்பால் நிறுத்துங்கள். மேலே பீல் பிளை (இறுகியபின் உரித்தெடுக்கும் துணி), அதன்மேல் பாலிதீன், அதன்மேல் கேப்பின் அகலமுள்ள நேரான அலுமினியப் பட்டை, பிறகு பாரம். பட்டை வளைந்திருந்தால் ஸ்பாரும் வளையும்.

கீழ்ப்பக்கம் இறுகி ஒரு நாள் ஆனபின் இறக்கையைத் திருப்பி, மேல் தோலைத் திறந்து முதலில் வெப்பைக் கவனியுங்கள். நொறுங்கிய பால்சாவை எடுத்துவிட்டு, நரம்பு செங்குத்தாக இருக்கும்படி புதிய பால்சாத் துண்டை இறுக்கமாகப் பொருத்துங்கள். அதன் இரு முகத்திலும் 45 டிகிரியில் வெட்டிய 160 கிராம் கண்ணாடித் துணி இரண்டு அடுக்கு, பழைய வெப்பின் மேல் 25 மி.மீ. படியும்படி. வெப் கேப்பைத் தொடும் கோட்டில் பஞ்சு நார் கலந்த எப்பாக்ஸி. மூலத்தில் கெவ்லர் நூல் சுற்றியிருந்தால் நீங்களும் சுற்றுங்கள். கேப் வெப்பைவிட்டுப் பிய்ந்து வராமல் பிடிப்பது அதுதான்.

பிறகு மேல் கேப். பறக்கும்போது மேல் கேப் அமுக்கத்தில் இருக்கிறது. கார்பன் அமுக்கத்தில்தான் பலவீனம், அதனால் இங்கே இழை நேராக இருப்பது இன்னும் முக்கியம். மேல் ஒட்டும் கீழ் ஒட்டும் ஒரே கோட்டில் முடியக் கூடாது. மேலே உள்ளதை 30 மி.மீ. நீட்டி, முடியும் இடங்களை விலக்குங்கள்.

கடைசியாக மூடி. சன்னலின் உள் ஓரத்தில் கண்ணாடித் தகட்டுப் பட்டைகளை ஒட்டி, எடுத்துவைத்த தோலைப் பதித்து, வெட்டுக் கோட்டின்மேல் 30 மி.மீ. அகலத் துணி.

எத்தனை இழை வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுவது?

முறிந்த இடத்தில் கேப்பை அளந்து பாருங்கள். உதாரணமாக அகலம் 18 மி.மீ., தடிமன் 1.2 மி.மீ. என்றால் குறுக்குவெட்டு 21.6 சதுர மி.மீ. கடையில் '12கே' (12,000 இழை) என்று விற்கும் கார்பன் கற்றை மீட்டருக்கு 0.8 கிராம். கையால் வழித்துப் போட்டால் ஏறக்குறைய பாதி இழை, பாதி ரெசின் என்று அமையும். அப்போது ஒரு கற்றை சுமார் 0.9 சதுர மி.மீ. இடம் பிடிக்கும். ஆக 24 கற்றைகள்.

நான்கு கற்றை ஒரு அடுக்கு என்றால் ஆறு அடுக்கு, அடுக்குக்கு 0.2 மி.மீ. சரிவு 1-க்கு 50 என்பதால் ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிட இருபுறமும் 10 மி.மீ. நீளம். நடுவில் 10 மி.மீ. நசுங்கிய பகுதியை நீக்கியிருந்தால் நீளங்கள் 30, 50, 70, 90, 110, 130 மி.மீ. அதன்மேல் 160 மி.மீ. நீளத்தில் ஒரு கூடுதல் அடுக்கு. கார்பன் மொத்தம் 2 கிராம், ரெசின் ஒன்றரை கிராமுக்குள். ஒரு கேப்புக்கு மூன்றரை கிராம்தான், அதிலும் பெரும்பகுதி இழைத்து நீக்கியதற்கு ஈடு. உங்கள் ஒட்டு 15 கிராம் கூடியிருந்தால் அது ரெசினின் எடை.

கேப் முறியவில்லை, ஆனால் வெப்பைவிட்டுப் பிரிந்திருக்கிறது.

பல மோல்டு இறக்கைகளில் வெப்பை ஒரு தோலோடு முதலில் ஒட்டிவிட்டு, மற்றத் தோலைக் கெட்டியான எப்பாக்ஸி வைத்துக் கண்மூடித்தனமாக மூடுகிறார்கள். அந்த இரண்டாவது ஒட்டுதான் வழக்கமாக விடும். வெப்பின் நடுக்கோட்டைக் கண்டுபிடித்து, 20 மி.மீ. இடைவெளியில் 2 மி.மீ. துளைகள் போட்டு, ஏரோசிலும் பஞ்சு நாரும் கலந்த எப்பாக்ஸியைச் செலுத்துங்கள். கேப்பைத் துளைத்தால் கார்பன் அறுபடும் என்பதால், கேப்பின் ஓரத்தையொட்டிச் சாய்வாகத் துளையிட்டு வெப்பின் மூலையை அடையுங்கள். பிரிவு 150 மி.மீ. க்கு மேல் இருந்தால் துளை வேலையை நம்பாமல் திறப்பதே மேல்.

ஜாயினர் பெட்டி பிளந்துவிட்டது.

முனை தரையில் தட்டும்போது ஜாயினர் நெம்புகோலாகிப் பெட்டியை இரண்டு இடங்களில் உடைக்கிறது: ரூட் வாயில் ஒன்று, ஜாயினரின் உள்முனை முடியும் இடத்தில் மற்றொன்று. வாய் பிளந்ததை மட்டும் பார்த்து ஒட்டிவிட்டு, உள்முனையை விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் திறந்து பாருங்கள்.

ஜாயினரையே அச்சாகப் பயன்படுத்தலாம். அதன்மேல் பேக்கிங் டேப் ஒரு சுற்று ஒட்டி மெழுகு தடவி உள்ளே நுழையுங்கள். டேப்பின் தடிமன் பிறகு தேவையான இடைவெளியைத் தரும். பிளவுகளில் பஞ்சு நார் எப்பாக்ஸி, வெளியே கெவ்லர் அல்லது கார்பன் கற்றையை ரூட் பக்கம் 15 மி.மீ. அகலத்துக்கு நெருக்கமாகச் சுற்றுங்கள். ரெசின் இறுகுவதற்குள் இரு இறக்கைகளையும் உடலில் மாட்டி, இரு முனைகளிலிருந்தும் வால் முனைக்குள்ள தூரம் சமமா என்று நாடாவால் அளந்து நிறுத்துங்கள். எப்பாக்ஸி பாதி இறுகிய நிலையில் ஜாயினரை ஒருமுறை அசைத்துப் பாருங்கள். முழுதும் இறுகியபின் சிக்கிக்கொண்டால் எடுக்க வழியில்லை.

வாக்யூம் பையில் (காற்றை உறிஞ்சி இறுக்கும் பை) போட்டால் இன்னும் நன்றாக வருமா?

உள்ளே காலியான இறக்கையை முழுதாகப் பையில் போட்டால் நொறுங்கிவிடும். பை வெளியிலிருந்து அமுக்கும், உள்ளே தாங்க எதுவும் இல்லை. தோல்கள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கிக் குழிந்துபோகும். மணல் பை போதும். ஃபோம் நிரம்பிய இறக்கைகளுக்கு வாக்யூம் சரியான வழி, ஆனால் குறைந்த அளவில். நீல நிற எக்ஸ்பிஎஸ் ஃபோமுக்கு 0.3 பார் வேறுபாடே போதும். முழு வாக்யூமில் ஃபோம் தன் வடிவத்தை இழக்கும்.

ஒட்டும்போது இறக்கை திருகாமல் இருக்க?

தட்டையான பலகை போதாது, இறக்கையின் அடி தட்டையல்ல. உடையாத இறக்கையில் முறிவுக்குச் சமமான இடத்திலும், அதன் இருபுறம் 150 மி.மீ. தள்ளியும் குறுக்குவெட்டின் அடிவடிவத்தை அட்டையில் வரைந்து, அதைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, 6 மி.மீ. பிளைவுட்டில் தொட்டில்கள் வெட்டுங்கள். அவற்றை ஒரே நேர்கோட்டில் பலகைமேல் ஆணியடித்து நிறுத்தி, இறக்கையை உட்கார வையுங்கள். ரெசின் தொடுவதற்கு முன் டிஜிட்டல் கோணமானியால் ரூட்டிலும் முனையிலும் அளந்து, நல்ல இறக்கையின் அளவோடு ஒப்பிடுங்கள். முனையில் அரை டிகிரி வேறுபாடு இருந்தாலே, வேகம் மாறும்போதெல்லாம் மாடல் ஒரு பக்கம் சாயும். அதை டிரிம்மால் (ரேடியோவில் செய்யும் சிறு திருத்தம்) ஒரு வேகத்துக்குத்தான் சரிசெய்ய முடியும். இறுகிய பிறகு திருகலைத் திருத்தவும் முடியாது.

ஃபோம் கோர் இறக்கைக்கு என்ன வேறுபாடு?

வேலை எளிது. தோலுக்குக் கீழே எப்போதும் ஆதாரம் இருப்பதால் உள்தகடு தேவையில்லை. நசுங்கிய ஃபோமை சதுரமாக வெட்டி எடுத்து அதே அடர்த்தியுள்ள துண்டைப் பதியுங்கள். வெள்ளை, நீல ஃபோம்களை அசிட்டோன், தின்னர், சாதாரண ஃபெவிகுவிக் மூன்றும் கரைக்கும். துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் மட்டும். ஃபோம் துண்டை ஒட்டப் போட்ட எப்பாக்ஸி, சுற்றியுள்ள ஃபோமைவிடக் கடினமான வரப்பாக நிற்கும். இழைக்கும்போது ஃபோம் குழிந்து வரப்பு உயரும். ஆகவே ஒட்டுப்பசையை மேல்பரப்பிலிருந்து 1 மி.மீ. கீழேயே நிறுத்துங்கள்.

எஃப்3கே வகைக் கை ஏவு மாடல்களில், முனையைப் பிடித்துச் சுழற்றி எறிவதால், விரல் பிடிக்கும் குச்சியைச் சுற்றி விரிசல் விழும். குச்சியோடு சேர்த்து கெவ்லர் பட்டையை ஸ்பார் திசையில் நீட்டி ஒட்டினால்தான் நிற்கும்.

பின்விளிம்பும் ஹிஞ்சும்?

பின்விளிம்பு பிளந்தால் பிளேடால் சற்றுத் திறந்து, நீர்த்த எப்பாக்ஸியை உறிஞ்சவிட்டு, மெழுகு பூசிய இரண்டு நேரான அலுமினியப் பட்டைகளுக்கு இடையில் கிளாம்ப் போடுங்கள். மைக்ரோபலூன் கலக்காதீர்கள், விளிம்பு தடிக்கும்.

தோலிலேயே அமைந்த ஹிஞ்ச் கிழிந்தால், அது கெவ்லரா பீல் பிளையா என்று பாருங்கள். கிழிசல் 50 மி.மீ. க்குள் இருந்தால் கோட்டை சுத்தம் செய்து சிலிக்கான் நிரப்பி, ஃபிளாப்பைக் கீழே இறக்கிய நிலையில் இறுகவிடலாம். சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு பெயிண்டோ எப்பாக்ஸியோ ஒட்டாது. எனவே மற்ற வேலைகள் எல்லாம் முடிந்தபின் கடைசியாகச் செய்யுங்கள். கெவ்லரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம், பஞ்சாகப் பிரியும்.

ஈரமான நாளில் ரெசின் பிசுபிசுக்கிறது. எவ்வளவு நேரம் காத்திருப்பது?

காற்றில் ஈரம் மிகுந்தால் ஹார்டனர் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே மெழுகு போன்ற படலம் உண்டாக்கும். வெதுவெதுப்பான நீரும் பஞ்சும் கொண்டு கழுவினால் போய்விடும். கழுவாமல் அடுத்த அடுக்கு போட்டால் உரியும். பீல் பிளை போட்டிருந்தால் படலம் அதோடு வந்துவிடும்.

அறை வெப்பத்தில் 24 மணி நேரத்தில் கையாளலாம். ஆனால் சூடாக்காத எப்பாக்ஸி 50 முதல் 60 டிகிரிக்குள் இளகத் தொடங்கும். வெயிலில் கிடக்கும் கருநிற இறக்கை அந்தச் சூட்டை எளிதில் எட்டும். ஆகவே இறக்கையைத் தொட்டிலில் இருந்து எடுக்காமலேயே, தெர்மோகோல் பெட்டிக்குள் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, தெர்மோமீட்டர் வைத்து, 50 டிகிரியில் 10 முதல் 15 மணி நேரம் வையுங்கள். சூட்டை மெல்ல ஏற்றி மெல்ல இறக்குங்கள். தொட்டில் இல்லாமல் சூடாக்கினால் இறக்கை தன் எடையிலேயே வளைந்து அப்படியே இறுகும்.

பெயிண்ட்?

இரு பாக பாலியூரித்தேன் கார் பெயிண்ட், மெல்லிய இரண்டு கோட். நிறம் அப்படியே பொருந்தாது. பழுதான இடத்தில் அகலப் பட்டை ஒன்று வரைந்துவிடுவது அழகாகவும் இருக்கும். கருப்பு வேண்டாம், காரணம் மேலே சொன்ன சூடுதான்.

எடை கூடிவிட்டது. மற்ற இறக்கையில் அதே எடை சேர்க்க வேண்டுமா?

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். நடுவிலிருந்து 1.2 மீட்டர் தூரத்தில் 8 கிராம் கூடியிருந்தால், மற்ற இறக்கையில் 1.45 மீட்டர் தூரத்திலுள்ள முனையில் 6.6 கிராம் ஈயம் போதும்.

தூசு ஆபத்தானதா?

ஆம். என்95 முகக்கவசம், நைட்ரைல் கையுறை, தண்ணீர் தொட்டு இழைத்தல். கார்பன் தூசு மின்சாரம் கடத்தும், சர்வோக்களையும் ரிசீவரையும் கழற்றியபின் இழையுங்கள். எப்பாக்ஸி கையில் பட்டால் தின்னரால் துடைக்காதீர்கள், அது ரெசினைத் தோலுக்குள் கொண்டுபோகும், சோப்புத் தண்ணீர்தான். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு எப்பாக்ஸி பக்கமே போக முடியாமல் ஆகலாம்.

பறக்கவிடும் முன் எப்படிச் சோதிப்பது?

இரு இறக்கைகளையும் ஜாயினரில் மாட்டி, நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் அரை இறக்கை நீளத்தில் 42 சதவீத தூரத்தில், ஸ்பாருக்கு நேர் கீழே, அகலமான மணல் பைகள்மேல் வையுங்கள். நீள்வட்டமாகப் பரவும் தூக்குவிசையின் மையம் ஏறக்குறைய அங்கேதான். நடுவில் மெதுவாகப் பாரம் தொங்கவிடுங்கள். மாடல் 2.5 கிலோ என்றால் 12.5 கிலோ தொங்கினால் ரூட்டில் ஏறக்குறைய ஐந்து மடங்குச் சுமை. ஒரு நிமிடம் விட்டு, இரு பக்கமும் சமமாக வளைகிறதா என்று அளந்து, ஓசை வருகிறதா என்று கேளுங்கள். பாரத்தை எடுத்ததும் பழைய நிலைக்கு வர வேண்டும். மணல் பைக்கு வெளியே, முனைப்பக்கம் உள்ள ஒட்டை இது சோதிக்காது. அதற்கு ஒட்டின் உட்பக்கத்தை இறுகப் பிடித்து, முனைப்பக்கத்தைக் கையால் மேல்நோக்கி வளைத்துப் பாருங்கள்.

முதல் பறப்பு மென்காற்றில், கை ஏவுதலில். தட்டும் சோதனையை இறங்கியதும் மறுபடி செய்யுங்கள். வின்ச் ஏவுதலில் வரும் சுமை இந்த ஐந்து மடங்கைவிட மிக அதிகம், ஆகவே சில பறப்புகளில் ஒட்டின் ஓரங்களில் வெள்ளைக் கோடு எதுவும் தோன்றாத பிறகே வின்ச்சுக்குப் போங்கள். கோடு தோன்றினால் அதற்குக் கீழே ரெசினில் விரிசல் விழுந்துகொண்டிருக்கிறது. திறந்து, அந்த முனையில் சரிவை இன்னும் நீட்டிப் புதிதாக அடுக்குங்கள்.